சமதரைதானே என்று எட்டு மைல் நடக்கலாமா?

கோண்டாவிலில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 61, ஓய்வுபெற்ற ஆசிரியை. வருகிற ஆவணியில் லண்டனுக்கு மகளிடம் போய் மூன்று மாதம் நிற்கப் போகிறார். மகள் இருப்பது அல்பேர்ட்டன் பக்கம். “கால்வாய்க் கரையாலே எட்டு மைல் நடப்போம் அம்மா, முழுக்கச் சமதரைதான், ஒரு ஏற்றமும் இல்லை” என்று மகள் இப்போதே ஆசை காட்டியிருக்கிறாள். இவருக்கோ வலது முழங்காலில் கொஞ்சக் காலமாய் நோ. சமதரை என்றால் தனியாகப் பழக வேண்டுமா, பழகுவதென்றால் யாழ்ப்பாணத்தில் ஆற்றோரமாய், வாய்க்காலோரமாய் நடக்க எங்கே இடம் இருக்கிறது என்பது கேள்வி. கேள்வி இரண்டாய் வந்தாலும் அவர் மனதில் கிடப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: ஏற்றமில்லாத பாதை இலேசான பாதைதானா, அரைவழியில் கால் மறுத்தால் பிள்ளைக்குப் பாரமாகிவிடுவேனா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் நீர்ப்பாசனத் துறையில் தொழினுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். வேலைக்காலத்தில் பெரும்பங்கு வாய்க்கால் அணைகளிலும் குளக்கட்டுகளிலும் நடந்தே போனது. எங்கே கரை அரித்திருக்கிறது, எங்கே எலி வளை போட்டிருக்கிறது, எந்த மதகில் தண்ணீர் கசிகிறது என்பதெல்லாம் வாகனத்தில் போனால் கண்ணில் படாது. ஓய்வுக்குப் பிறகும் நடையை விடவில்லை. என் வயதை ஒத்த சிலரோடு காலையில் நடக்கிறேன். புதிதாய் வருகிறவர்களை மெல்ல மெல்லப் பழக்கியும் விடுகிறோம். ஆகவே தரை, கரை, காற்று, தண்ணீர் பற்றி உறுதியாகப் பேசுவேன். முழங்கால் பற்றி மருத்துவ உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்டதை மட்டும் சொல்வேன். உங்கள் முழங்காலைத் தொட்டுப் பார்த்த வைத்தியர் சொல்வதற்கு அது ஒருநாளும் ஈடாகாது.

முதலில், மகள் சொன்னது சரி. அல்பேர்ட்டனைக் கடந்து போவது கிராண்ட் யூனியன் கால்வாயின் பாடிங்டன் கிளை, 1801 இல் திறந்தது. மேற்கே கவுலி தொடங்கிக் கிழக்கே கம்டன் வரைக்கும் 20 மைலுக்கு மேலான அந்த நீளத்தில் ஒரு லொக் கூட இல்லை. லொக் என்றால் படகை ஒரு நீர்மட்டத்தில் இருந்து இன்னொரு நீர்மட்டத்துக்கு ஏற்றி இறக்குகிற கதவு போட்ட தொட்டி. கால்வாய்ப் பாதை சட்டென்று சில அடி ஏறுவதும் இறங்குவதும் அந்த இடங்களில்தான். அது இல்லையென்றால் தண்ணீர் ஒரே மட்டத்தில் கிடக்கிறது, கரையும் கூடவே ஒரே மட்டத்தில் போகிறது. அந்தக் காலத்தில் படகைக் குதிரை இழுத்தது. குதிரை நடந்த கரைதான் இன்றைக்கு மனிதர் நடக்கிற பாதை. எங்கள் பாசன வாய்க்காலுக்குச் சரிவு உண்டு, இல்லாவிட்டால் தண்ணீர் ஓடாது. ஆனால் 4000 க்கு 1 என்று சரிவு வைத்தால், நாலு கிலோமீற்றர் நடந்து முடித்தபோது நீங்கள் இறங்கியிருப்பது ஒரே ஒரு மீற்றர். காலுக்கு அது தெரியவே தெரியாது.

1892 இல் ஸ்கொட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் மலையில் நடப்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லிவைத்தார்: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். கால்வாய்க் கரையில் பின்பாதிக் கணக்குப் பூச்சியம். எட்டு மைல், அதாவது 13 கிலோமீற்றர் அளவு, அவர் கணக்கில் 2 மணி 40 நிமிடம். ஆனால் அது நல்ல உடம்புக்காரர் நிற்காமல் நடக்கிற வேகம். இருந்து எழும்பி, தேத்தண்ணி குடித்து, அன்னப் பறவையைப் பார்த்துப் போகிறவருக்கு நாலு, நாலரை மணி நேரம் பிடிக்கும். மகளோடு பேசும்போது மைலை விட்டுவிட்டு இந்த நேரத்தை வைத்துப் பேசுங்கள். “நாலரை மணி நேரம் காலில் நிற்க முடியுமா அம்மா?” என்று கேட்டால்தான் பழக வேண்டியது என்ன என்பது தெளியும்.

ஏற்றமில்லாத பாதையில் களைப்பு வேறு வழியால் வருகிறது. மலைப்பாதையில் ஏறும்போது ஒரு தசை வேலை செய்யும், இறங்கும்போது இன்னொன்று; கல்லுக்கும் வேருக்கும் ஏற்றபடி காலடி மாறிக்கொண்டே இருக்கும். சமதரையில் ஒரே காலடிதான். காலடி ஒன்றுக்கு 65 சென்ரிமீற்றர் என்று வையுங்கள், 13 கிலோமீற்றருக்கு 20,000 காலடி வருகிறது. சப்பாத்துக்குள் வலது குதியில் ஒரு சின்ன உரசல் இருந்தால் அந்த உரசல் 10,000 தரம் நடக்கும். முதல் மைலில் ஒன்றுமே தெரியாது, நாலாவது மைலில் சுடும், ஆறாவது மைலில் கொப்புளம் வெடிக்கும். கரைப்பாதை என்றால் இன்னொன்றும் உண்டு: அநேகமாய் அது தண்ணீர்ப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். பார்வைக்குத் தெரியாது. ஆனால் ஒரு கால் எப்போதும் அரை அங்குலம் பதிவாய் ஊன்றும், இடுப்பு அதை ஈடுசெய்துகொண்டே வரும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பக்க இடுப்பு மட்டும் நோவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். பாதை அகலமாய் இருந்தால் இடைக்கிடை தண்ணீர்ப் பக்கம் விட்டு வெளிப்பக்கமாய் நடவுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் திரும்பி வருகிற வழி. ஊருக்குள் நடந்தால் களைத்த இடத்தில் ஒழுங்கைக்குள் திரும்பி, பஸ்ஸோ ஓட்டோவோ பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். அணையில் ஏறினால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயலோ வேலியோ. நடந்த தூரத்தை நடந்தேதான் திரும்ப வேண்டும். அதனால் புதிதாய் வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, உங்கள் பலத்தில் பாதி முடிந்த இடத்தில் திரும்ப நினைக்காதீர்கள், மூன்றில் ஒரு பங்கு முடிந்ததுமே திரும்புங்கள் என்பதுதான். கரைப்பாதையைத் தெரிவு செய்யும்போதும் எத்தனை கிலோமீற்றர் என்பதைப் பிறகு கேளுங்கள். நிழல் இருக்கிறதா, தரை எப்படி, எந்த எந்த இடத்தால் வெளியே ஏறலாம் என்ற மூன்றையும் முதலில் கேளுங்கள்.

சரி, முழங்கால். தேய்மானத்தால் வருகிற நோவுக்கு அளவான நடை கேடு செய்யாது, நன்மைதான் செய்யும். உலகெங்கும் மருத்துவ வழிகாட்டல்கள் உடற்பயிற்சியை முதல் வரிசைச் சிகிச்சைகளில் ஒன்றாய் வைத்திருக்கின்றன. இது உறுதி. சமதரையில் நடக்கும்போது முழங்காலில் விழுகிற பாரம் உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு அளவு, படி இறங்கும்போது மூன்று மடங்கைத் தாண்டும் என்பதும் உறுதி. செயற்கை மூட்டுக்குள் கருவி பொருத்தி அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆக, மலைப்பாதையை விட்டு மகள் கால்வாயைத் தெரிந்தது உங்கள் காலுக்குச் செய்த உதவி. ஊன்றுகோல் பிடித்தால் நோகிற காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும் என்பதிலும் சந்தேகம் இல்லை. உங்களுக்கு வலது முழங்கால் என்றபடியால் கோல் இடது கையில். நோகிற பக்கமே கோலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து நடப்பவர்களை எங்கள் ஊரில் தினமும் பார்க்கிறேன், அது பாரத்தைக் குறைப்பதில்லை.

சந்தேகமானவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு 10,000 காலடி என்கிற கணக்கு 1960களில் ஜப்பானில் காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்கும்போது பிரபலமானது. மருத்துவம் அளந்து வைத்த எல்லை அல்ல. அதை எட்டவில்லை என்று கவலைப்பட வேண்டாம். வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்பதும் அப்படித்தான். பாதுகாப்பான பழக்கம், நானும் ஏறக்குறைய அப்படித்தான் கூட்டுவேன், ஆனால் அதுவே விதி என்று நிரூபணம் இல்லை. முழங்காலுக்கு மாட்டுகிற உறை சிலருக்கு இதமாக இருக்கிறது, சிலருக்கு ஒரு வித்தியாசமும் தெரிவதில்லை. நான் நம்புகிற அளவுகோல் மறுநாள் காலை. நடக்கும்போது கொஞ்சம் நொந்து, மறுநாள் எழும்பும்போது பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்தத் தூரம் உங்களுக்குச் சரி. மறுநாளும் கூடுதலாய் நொந்தால் தூரம் கூடிவிட்டது, குறையுங்கள். முழங்கால் வீங்கிச் சுட்டால், நடுவில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால், திடீரென்று மடிந்து விழப் பார்த்தால், இராத்திரிப் படுக்கையிலும் விடாமல் நொந்தால், நடைப் பழக்கத்தை ஆரம்பிக்க முன்னமே வைத்தியரிடம் போங்கள். சீனி வருத்தம் இருந்தால் அதையும் கேளுங்கள். இன்சுலினோ, சீனியைக் குறைக்கிற மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் இரண்டு மணி நேரம் நடப்பது ஆபத்து.

இனி இடம். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. காரணம் காலுக்குக் கீழே கிடக்கிற சுண்ணக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளாலும் குழிகளாலும் இறங்கிக் கிணற்று நீராகிவிடுகிறது, மேலே ஆறாய்த் திரண்டு ஓடுவது குறைவு. புத்தூர் நிலாவரைக் கிணற்றிலே அந்தத் தண்ணீரை மேலிருந்து பார்க்கலாம், கீரிமலையிலே கடலோரம் ஊற்றாய் வெளியே வருவதைப் பார்க்கலாம். அதனால் லண்டனில் உள்ளது போல நாள் முழுக்க நடக்கக் கூடிய கரைப்பாதை இங்கே அமைத்துக் கிடையாது. ஆனால் தீபகற்பம் முழுவதுமே சமதரை, மிக உயர்ந்த இடங்களும் கடல்மட்டத்தில் இருந்து பத்துப் பதினைந்து மீற்றர் அளவுக்குள்தான். தண்ணீரோரமாய் நடக்க வேண்டுமென்றால் கடல்நீரேரிகள் இருக்கின்றன, தாம்போதிகள் இருக்கின்றன, மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு இருக்கிறது.

எனக்குப் பிடித்தது வழுக்கையாறு. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி என்று வயலுக்குள்ளாலேயே வந்து அராலியில் கடல்நீரேரியில் விழுகிறது. மார்கழியில் போனால் ஆறும் வயலும் ஒரே வெள்ளமாய்க் கிடக்கும், கரை எது வரம்பு எது என்று தெரியாது, அப்போது இறங்க வேண்டாம். தை பிற்பகுதியில் இருந்து பங்குனி வரைதான் அதன் காலம். நெல் வெட்டியாகிவிடும், கரை மண் இறுகியிருக்கும், ஆற்றுக்குள் குட்டை குட்டையாய் மிஞ்சிய தண்ணீரைச் சுற்றிக் கொக்கும் நாரையும் நிற்கும், அரிவாள் பட்ட நெற்கட்டையின் மணம் காலைப் பனியில் தூக்கலாய் வரும். கந்தரோடையில் சின்னச் சின்னச் சுண்ணக்கல் தூபிகள் கூட்டமாய் நிற்கிற தொல்லியல் இடத்தில் ஓய்ந்து இருக்கலாம். ஆனால் ஆற்றோடு தொடர்ச்சியாய் ஒரே பாதை இல்லை. கொஞ்சத் தூரம் கரை, கொஞ்சத் தூரம் வயல் வரம்பு, கொஞ்சத் தூரம் ஒழுங்கை. வயல்காரரைக் கண்டால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடவுங்கள், மறிக்க மாட்டார்கள். தரையில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். மாடு மிதித்த குளம்புக் குழி ஈரமாய் இருக்கும்போது மெத்தென்று இருக்கும், காய்ந்தபின் விளிம்பு கல்லாய் இறுகிவிடும், மேலே புல்லும் மூடிவிடும். கணுக்கால் பிரள்வது அநேகமாய் அந்தக் குழியிலேதான்.

ஆனால் நீங்கள் ஆவணியில் பயணம் போகிறீர்கள், ஆகவே முக்கியமான பழக்கம் வைகாசி, ஆனி, ஆடியில் விழும். அது சோழகக் காற்றும் வெயிலும் சேர்ந்த காலம், வழுக்கையாறு அப்போது வெறும் புழுதி. அந்த மாதங்களுக்கு நான் சொல்வது தொண்டமானாறு. பெயர் ஆறு என்றாலும் அது கடலோடு தொடுக்கிற நீரேரி. கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிப்போக வெட்டுவித்தான் என்று வழிவழியாய் ஒரு கதை உண்டு. அதை மரபுக்கதையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். வாய்க்குக் குறுக்கே நிற்கிற அணை 1950களின் முற்பகுதியில் கட்டி முடிந்தது என்பதும், கடல்நீரை மறித்து உள்ளே மழைநீரைத் தேக்கினால் காலப்போக்கில் நிலத்தின் உப்பு கழுவப்பட்டுவிடும் என்பதே அதன் நோக்கம் என்பதும் வரலாறு. ஆனையிறவுப் பக்கத்து நன்னீரை முள்ளியான் வாய்க்காலால் இங்கே கொண்டுவர வேண்டும் என்று பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டத்திலும் இந்த அணை ஒரு முக்கிய கண்ணி. நடக்கிறவருக்கு வேண்டிய காரணம் வேறு. கரையிலேயே செல்வச்சந்நிதி முருகன் கோயில் இருக்கிறது. மர நிழல், குடிக்கத் தண்ணீர், கால் ஆற இடம், மடங்களில் அன்னதானம், வீடு திரும்பப் பஸ் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறது. கோயிலை நடுவாய் வைத்து, அணைப் பக்கம் ஒரு தரம் போய்வந்து ஓய்ந்து, நீரேரிக் கரையாலே மறுபக்கம் ஒரு தரம் போய்வந்தால் களைத்த இடம் எதுவாயினும் கோயில் தூரத்தில் இருக்காது. வெள்ளிக்கிழமையும் திருவிழாக் காலமும் சனம் கூட, அந்த நாட்களைத் தவிருங்கள்.

பட்டினத்தில் வசதி, பண்ணை என்கிற நீரேரிக் கரை. கோட்டைப் பக்கத்தில் காலையும் மாலையும் நிறையப் பேர் நடக்கிறார்கள், பெண்கள் தனியாய் நடக்கவும் கூச்சமில்லாத இடம். அங்கிருந்து தீவுப்பக்கம் போகிற தாம்போதி இரண்டு பக்கமும் கடல்நீரேரியாய் நேரே நீள்கிறது. நிழல் என்று ஒரு இலை கிடையாது, வாகனம் வேகமாய் வரும், ஆனால் காற்றைப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. சோழகம் தென்மேற்கில் இருந்து அடிப்பதால் போகும்போது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகில் தள்ளும். கரைப்பாதைக்கு அதுதான் சரியான ஒழுங்கு: பலம் இருக்கும்போது எதிர்க்காற்று, களைத்தபின் பின்காற்று. வாடை அடிக்கிற மாதங்களில் இது தலைகீழாகும். போகும்போது இலகுவாய் இருக்கிறதே என்று தூரமாய்ப் போய்விட்டு, வருகிறபோது மூச்சுத் திணறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பொன்னாலையில் இருந்து காரைநகர் போகிற தாம்போதியும் இப்படித்தான், பறவைகள் அங்கே கூட.

உண்மையான வாய்க்கால் கரையைக் கண்ணால் கண்டு, ஒரு முறை நீளமாய் நடந்து பார்க்க ஆசையென்றால் ஒரு நாள் கிளிநொச்சிக்குப் போங்கள். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் கரைகள், சிறுபோகத்துக்குத் தண்ணீர் விடுகிற காலத்தில், லண்டனில் நீங்கள் நடக்கப்போகிற பாதைக்கு மிகக் கிட்டிய ஒத்திகை. ஒரு பக்கம் நிறைந்த தண்ணீர், காலுக்குக் கீழே கிறவல், முன்னால் நேரான கரை. தனியாய்ப் போக வேண்டாம்; வாய்க்காலில் இறங்கிக் கால் கழுவவும் வேண்டாம், கரை வழுக்கும், ஓட்டம் வெளியே தெரிவதைவிட வேகம். போகிற வழியில் முகமாலை, ஆனையிறவுப் பக்கம் இறங்கி நடக்க நினைத்தால், மண்டையோடு போட்ட சிவப்பு அறிவிப்புப் பலகை உள்ள இடத்தில் ஒரு அடி கூட வீதியை விட்டு இறங்காதீர்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை வருடக்கணக்காய் நடந்து வருகிற பகுதி அது.

மற்ற ஆபத்துகள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவைதான், இரண்டைச் சொல்லாமல் விட மனமில்லை. ஒன்று பாம்பு. வயல் வரம்பிலே புல்லுக்குள் புடையன் அசையாமல் கிடக்கும், மணற்பாங்கான கரையோரத்தில் சுருட்டை இருக்கும். விடியமுன் ரோச் இல்லாமல் கரையில் ஏறாதீர்கள், புல்லுக்குள் காலை வைக்க முன் கோலால் தட்டுங்கள், கடித்தால் நேரே ஆஸ்பத்திரிதான், வேறு எங்கும் நேரத்தைச் செலவிட வேண்டாம். மற்றது எலிக்காய்ச்சல். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் பரவி உயிர்களைக் கொண்டுபோனது பலருக்கு நினைவிருக்கும். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் இருந்து, காலில் உள்ள கீறலாலும் புண்ணாலும் அந்தக் கிருமி உடம்புக்குள் போகிறது. மாரியில் தேங்கி நிற்கிற தண்ணீருக்குள் செருப்போடு இறங்கி நடப்பதை விட்டுவிடுங்கள். நடந்தபின் காய்ச்சலும் தசை நோவும் கண்டால் வெள்ளத்தில் கால் வைத்ததை வைத்தியருக்கு மறக்காமல் சொல்லுங்கள்.

பழகும் முறை இப்படி இருக்கட்டும். சித்திரையில் தொடங்குங்கள். முதல் இரண்டு கிழமையும் வாரத்துக்கு நாலு நாள், அரை மணி நேரம், வீட்டுக்குக் கிட்ட. பேசிக்கொண்டு நடக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியாத அளவு மூச்சு வாங்க வேண்டும். அந்த வேகம் போதும். பிறகு வாரத்தில் ஒரு நாளை மட்டும் நீள நடைக்கு ஒதுக்குங்கள். நாலு கிலோமீற்றரில் தொடங்கி, மறுநாள் காலை முழங்கால் சம்மதித்தால் அடுத்த கிழமை அரைக் கிலோமீற்றர், ஒரு கிலோமீற்றர் கூட்டுங்கள். நாலாவது கிழமை வந்ததும் ஒரு தரம் குறையுங்கள், உடம்பு பிடித்துக்கொள்ள அந்த இடைவெளி வேண்டும். ஆடி முடியமுன் இடையில் ஓய்வோடு 9 அல்லது 10 கிலோமீற்றர் நடந்துவிட்டீர்களென்றால் லண்டனில் 13 நடப்பீர்கள். அங்கே குளிர், நிழல், பேச்சுத்துணை மூன்றும் சேரும். இங்கே 13 ஐ எட்டியே தீர வேண்டும் என்று வைகாசி வெயிலில் உடம்பை வருத்த வேண்டாம். கூடவே வீட்டில் கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருக்கிற பயிற்சியைப் பத்துத் தரம், காலையும் மாலையும் செய்யுங்கள். முழங்காலைத் தாங்குகிற தொடைத் தசைக்கு இவ்வளவு எளிய பயிற்சி வேறு இல்லை. வெளிக்கிடுவது விடியற்காலை, எட்டு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். உப்புத் தரவையிலும் நீரேரியிலும் பட்டுத் தெறிக்கிற வெயில் கீழிருந்தும் சுடும், தொப்பி மட்டும் அதைத் தடுக்காது. மணிக்கு அரை லீற்றர் தண்ணீர், ஒரு போத்தலில் தேசிக்காயும் உப்பும் கொஞ்சம் பனங்கட்டியும் கரைத்தது.

சப்பாத்தை லண்டன் போய் வாங்கலாம் என்று வைக்காதீர்கள். 20,000 காலடிக்குப் புதுச் சப்பாத்து எதிரி. இங்கேயே வாங்கி, மாலையில் கால் கொஞ்சம் ஊதியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்து, நுனியில் பெருவிரல் அகலம் இடம் விட்டு எடுத்து, அதோடேயே பழகுங்கள். மலையேறுகிற கனத்த பூட்ஸ் வேண்டாம், அடி தடித்த சாதாரண நடைச் சப்பாத்து போதும். எங்கள் கரைகளில் உடைமுள் இருக்கிறபடியால் மெல்லிய அடியுள்ள செருப்புக்கு இங்கே இடமில்லை. சேலை பற்றி ஒரு சொல்: விளிம்பு நனைந்து காலில் சுற்றும், முள்ளும் பிடிக்கும், பஞ்சாபியே சுகம். பெண்கள் கேட்கத் தயங்குகிற கழிப்பறை விஷயத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடந்து தலைச்சுற்றோடு வருகிறவர்கள் எங்கள் குழுவிலும் உண்டு. கோயிலோ, தெரிந்த வீடோ, கடையோ இருக்கிற இடத்தை நடுவாய் வைத்துப் பாதை போட்டால் தண்ணீரைக் குறைக்க வேண்டியதில்லை.

அங்கே போனபின் கவனிக்க வேண்டியவை வேறு. கால்வாய்க் கரையில் சைக்கிள்காரர் வருவார்கள். அந்தக் கால்வாய்களைப் பராமரிக்கிற கனால் அன்ட் ரிவர் ட்ரஸ்ட் நடப்பவருக்கே முன்னுரிமை என்று சொல்லிவைத்திருக்கிறது, ஆனாலும் மணி கேட்டால் தண்ணீர்ப் பக்கம் ஒதுங்காமல் வெளிப்பக்கம் ஒதுங்குங்கள். படகு கட்டிய கயிறும் இரும்பு வளையமும் காலில் தடக்கும். பாலங்களுக்குக் கீழே பாதை ஒடுங்கி, தலைக்கு மேல் வளைவு தாழும். சில பாலத்தடி ஏற்றங்களில் குதிரைக் குளம்பு வழுக்காமல் இருக்கக் குறுக்கே கல் வரிசைகளை உயர்த்திப் பதித்திருப்பார்கள், முழங்கால் நோ உள்ளவர் அதில் மெதுவாய்ப் போக வேண்டும். புரட்டாதி, ஐப்பசியில் இலை கொட்டி ஈரமானால் பாதை வழுக்கும், ஆகவே நீள நடையை ஆவணியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மகளிடம் இரண்டு கேளுங்கள். போய்த் திரும்பி வராமல் ஒரே திசையில் நடந்து, முடிகிற இடத்தில் ரயிலோ பஸ்ஸோ ஏறுகிற மாதிரித் திட்டம் போடச் சொல்லுங்கள். அல்பேர்ட்டனில் இருந்து கிழக்கே நடந்தால், நோர்த் சேர்க்குலர் வீதிக்கு மேலே கால்வாயே பாலமாய்ப் போகிற இடத்தைத் தாண்டி, கென்சல் கிறீன் மயானத்து மதிலோரமாய், லிட்டில் வெனிஸ் வரை போகலாம். அது மகள் சொன்ன எட்டு மைலுக்குள் அடங்கிவிடும், பாடிங்டன் ரயில் நிலையமும் கிட்ட. அங்கிருந்து ரீஜன்ட்ஸ் கால்வாயால் இன்னும் போகலாம் என்று ஆசை வந்தால் இன்னொரு நாள் வையுங்கள். 1820 இல் முழுதாய்த் திறந்த அந்தக் கால்வாய் சில இடத்தில் குகைக்குள் போகிறது, உள்ளே நடைபாதை இல்லை, தெருவில் ஏறி இறங்கித்தான் மறுபடி கரையைப் பிடிக்க வேண்டும். மற்றது, வெளிக்கிட முன் பாதையில் உள்ள பாலங்களில் எது எதில் தெருவுக்கு ஏறலாம், எதில் படி, எதில் சரிவு என்று மகளைக் கைபேசியில் பார்த்துக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். முழங்கால் போதும் என்று சொல்கிற இடத்தில் அடுத்த சரிவால் ஏறி பஸ் பிடித்துவிடலாம், மிச்சத்தை அடுத்த கிழமை அதே பாலத்தில் இருந்து தொடங்கலாம்.